ஐஸ்பெட்டி மூடி

முதலில் ஓர் இரைச்சல் வரும். லாஞ்சு இன்ஜினுக்குக் குளிர்த்தண்ணீர் ஏறாமல் போனால் வருமே, அந்த மாதிரி மூச்சு முட்டுகிற இரைச்சல். பத்து நிமிஷம் விடாமல் கத்தும். அப்புறம் பட்டென்று திரை கறுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கும் அப்படித்தான் கறுத்தது. மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்க, உத்திராபதி வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இரைச்சல் நின்ற அந்த நொடியே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"செத்துடுச்சா?"

உள்ளே பொத்தானை அமுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உன்னத்தான் கேக்கறேன். செத்துடுச்சா இல்லியா?"

"நின்னுடுச்சிப்பா," என்றாள் சத்யப்பிரியா.

வலையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போனார். மேசை மேல், அவரே வெட்டிக் கொடுத்த தெர்மாகோல் பள்ளத்துக்குள் லேப்டாப் கறுத்துப்போய்க் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். தோசைக்கல்.

"நாலு நாள் ஆவல அந்த பாய் கடையில குடுத்து வாங்கியாந்து. பேஸ்ட்டு காஞ்சி போச்சி, புதுப் பேஸ்ட்டு பூசிட்டேன்னு அந்தப் பொம்பள சொன்னா. என்னா பூசினா? சந்தனமா?"

"அப்பா, கடைக்கெல்லாம் போவாத. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னாத்த பாப்ப? நாளைக்கு வெச்சிக்கிட்டு பாத்துக்கறேன்னு சொல்ற."

அவள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவள் அப்படித்தான். ஒரு அளவுக்கு மேல் பேச மாட்டாள்.

நாளைக்கு என்ன என்று இந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மெட்ராசில் இருக்கிற ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு என்ன சீக்கு, என்ன வைத்தியம் என்று எண் போட்டு எழுதுகிற வேலை. ஆறு மாசமாக வீட்டிலிருந்தே தற்காலிகமாகச் செய்கிறாள். நாளைக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை தேர்வு. கேமரா வழியாக ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருப்பான். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, நடுவில் மெஷின் நின்றால் அவ்வளவுதான், மறுதேர்வு கிடையாது. தேறினால் வேலை நிரந்தரம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்து. அதுதான் பெரிய விஷயம். கடலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து சத்யப்பிரியா வந்து ஒரு வருஷமாகிறது. திரும்பி அனுப்புங்கள் என்று மருமகன் பிரேம்குமார் ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். அவன் குடிக்கிறவன் இல்லை. கை நீட்டுகிறவனும் இல்லை. வாய்தான். சோற்றில் உப்பு கூடினால் ஒரு மணி நேரம், குறைந்தால் ஒரு மணி நேரம். தெருவே நின்று கேட்கும். "அடிக்கல, குடிக்கல, அப்புறம் என்னா கொறைன்னு கேக்கறாங்க உத்திராபதி," என்று சொல்லிவிட்டார் பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலம். "பொண்ணு சொந்தக் கால்ல நிக்கறா, வேலை நிரந்தரம்னு ஒரு காயிதம் காட்டு. அப்பத்தான் நான் உன் பக்கம் பேச முடியும்."

லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு உத்திராபதி கிளம்பினார்.

"அப்பா, வேணாம்ப்பா," என்று பின்னால் குரல் வந்தது. அவர் திரும்பவில்லை.

*

கத்திரி வெயில். வம்பாகீரப்பாளையத்திலிருந்து காஜியார் வீதிக்கு நடந்தே போனார். புல்வார் சாலையைத் தாண்டும்போது மூடிக் கிடந்த ஒரு சொல்தா வீட்டை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டைப் பார்த்து முறைத்தார். அந்த வீட்டுக்காரர்கள் பாரிசுக்குப் போகும்போதுதான், இருபது வருஷமாக மீன் கொண்டுபோய்க் கொடுத்த அவர் மனைவி தனத்துக்கு இந்த மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரன் மெஷின். எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கும். சத்யப்பிரியா விசைக்கட்டையைப் பார்க்காமல் அடிக்கிறவள் என்பதால் பிழைத்தது.

கடையில் முன்னால் ஷஃபீக் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான். உள்மேசையில் அவன் அக்கா ஜரினா. முப்பத்தைந்து வயசிருக்கும். கறுப்பு முக்காட்டுக்கு மேல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தாள். பொம்பளை ரிப்பேர் செய்கிறாள் என்பது திங்கட்கிழமை மெஷினைக் கொடுக்க வந்தபோதே உத்திராபதிக்குப் பிடிக்கவில்லை. இப்போது கேட்க வேண்டுமா.

"எம்மா, நீ பூசினது பேஸ்ட்டா, சுண்ணாம்பா?"

ஜரினா நிமிரவில்லை. "உக்காருங்க பெரியவரே. கையில இருக்கறத முடிச்சிட்டு வர்றேன்."

"உக்கார்றதுக்கு வரல. முன்னாடியாவது ரெண்டு மணி நேரம் ஓடிச்சி. நீ கை வெச்சப்பறம் நாப்பது நிமிஷம். இதுக்குப் பேரு ரிப்பேரா? உள்ள இருந்த நல்ல சாமானக் கழட்டிக்கிட்டு எதாச்சும் ஓட்டைய வெச்சி அனுப்பிட்டியா?"

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். ஷஃபீக் எழுந்தான். ஜரினா அவனைக் கையமர்த்தினாள்.

"நீ உக்காருடா. பெரியவரே, திருடின்னு சொல்றதுக்கு முன்னாடி பைய குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கறேன். ஒரு திருகாணி கொறஞ்சாலும் கேளுங்க."

பிரித்தாள். உத்திராபதி மேசைமேல் குனிந்து அவள் கையையே பார்த்தார். பத்துத் திருகாணியையும் எண்ணினார். சின்ன விசிறி. அதன் பக்கத்தில் செம்புக் குழாய். விசிறியின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை ஜரினா இடுக்கியால் எடுத்தாள். வெள்ளையாக, கடுகுக்குப் பாதி.

"இது என்னா? திங்கக்கெழம இது இல்லியே."

"உன் கடைத் தூசி."

"என் கடையில வெள்ளைத் தூசி கெடையாது." அதை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்தாள். செம்புத் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் பசை, நகத்தளவு இடத்தில், மெல்லிசாகப் பரவியிருந்தது.

"இவ்ளோதானா?" என்றார் உத்திராபதி. "லாஞ்சுல தண்டுக்கு கிரீஸ் வெச்சா கை கையா அள்ளி வெப்போம். இத்தூண்டு வெச்சா எப்படிம்மா சூடு தாங்கும்? கஞ்சத்தனம் பண்ணிட்ட."

"இது கிரீஸ் இல்ல பெரியவரே. உருள்றதுக்கு வெக்கல. இந்தச் சில்லுதான் சூடாவுது. அந்தச் சூட்டை இந்தச் செம்பு வாங்கணும். ரெண்டுத்துக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்கும், அதுல காத்து நின்னா சூடு ஏறாது. அந்தப் பள்ளத்த ரொப்பத்தான் இது. அதிகமா வெச்சா அதுவே தடுக்கும். செம்பு வாங்கின சூட்டை விசிறி வெளிய தள்ளிடும். கதை அவ்ளோதான்."

உத்திராபதிக்குப் புரிந்தது. முப்பது வருஷம் லாஞ்சில் இன்ஜினோடு படுத்து எழுந்த ஆள். புரிந்ததை முகத்தில் காட்டவில்லை.

"வாய்க் கணக்கு வேணாம். ஓட்டிக் காட்டு."

பழைய பசையைத் துடைத்தாள். புதிதாக ஓர் உளுந்து அளவு வைத்தாள். குறுக்கும் நெடுக்குமாகத் திருகாணியை முடுக்கினாள். மெஷினை மூடி, ஓட விட்டு, அதற்கு என்னென்னவோ வேலை கொடுத்துவிட்டுப் போய் அடுத்த மெஷினை எடுத்துக்கொண்டாள். ஜும்மாவுக்கு பாங்கு சொன்னார்கள். ஷஃபீக் தொழுகைக்குப் போனான். டீ வந்தது. உத்திராபதி தொடவில்லை. அந்தப் பெண் ஏதாவது பொத்தானை அமுக்கி ஏமாற்றுகிறாளா என்று கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம். மெஷின் லேசாக இரைந்தது, அவ்வளவுதான். நிற்கவில்லை.

"எழுவத்தி நாலு டிகிரி," என்றாள் ஜரினா. "அதுக்கு மேல போவல. இங்க நிக்கல, அங்க நிக்குதுன்னா கோளாறு உங்க வீட்டுலதான். எது மேல வெக்கறீங்க? மெத்தை மேலயா? தலகாணி மேலயா?"

"எங்க வீட்டப் பாத்தா மெத்தைமேல படுத்துக்கிட்டு வேலை செய்யற வீடாத் தெரியுதா? மேசமேலதான் இருக்குது. குளுமையாத்தான் வெச்சிருக்கோம். எது சூடு எது குளுமைன்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா? ஐஸ்ல பொழைக்கறவங்கம்மா நாங்க."

"சரி. நின்னா போன் பண்ணுங்க."

"நின்னா போன் பண்ண மாட்டேன். இங்க வந்து நடுத்தெருவுல நிப்பேன்."

*

மூன்று மணிக்கு வீட்டில் போட்டார்கள். மூன்றே முக்காலுக்கு நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் தனம் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். தடைக்காலத்தில் கேரளாவிலிருந்து லாரியில் வருகிற மீனைத்தான் விற்றாக வேண்டும். பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி தொம்மென்று வைத்தாள். ஐஸ் முழுக்கக் கரைந்து, விற்காத கானாங்கத்தை மீன்கள் ரத்தத் தண்ணீரில் மிதந்தன.

"யோவ், என் பெட்டி மூடி எங்கய்யா? நாலு நாளா கேக்கறேன். சாக்கு போட்டு மூடிக்கிட்டுப் போறேன். பத்து மணிக்கெல்லாம் ஐஸு தண்ணியாயிடுது, மீனு சொதசொதன்னு ஆயிடுது. 'மூடி எங்கடி தனம், வித்துத் தின்னுட்டியா'ன்னு அந்தத் தையல்நாயகி சிரிக்கறா."

"மூடிதான் உனக்குப் பெருசு. இங்க பொண்ணு வாழ்க்க நிக்குது."

"எங்க நிக்குது?"

"மெஷினு. நின்னுபோச்சி."

தனம் மகளைப் பார்த்தாள். சத்யப்பிரியா சுவரைப் பார்த்தாள்.

உத்திராபதி போனை எடுத்தார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் கூரையில் உலர்த்தியிருந்த கருவாட்டை அள்ளிக்கொண்டு இறங்கிப் போகிற அளவுக்குக் கத்தினார். ஏமாற்றுக்காரி என்றார். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றார். பொண்ணு வாழ்க்கை போனால் உன் கடையில் தீ வைப்பேன் என்றார். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீடு எங்க?" என்று மட்டும் கேட்டாள் ஜரினா.

ஐந்து மணிக்கு வந்துவிட்டாள். ஸ்கூட்டியை மணலில் ஓட்ட முடியாமல் கால் ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தாள். முகம் சிவந்திருந்தது, வெயிலா கோபமா தெரியவில்லை. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நேராக மேசைக்குப் போனாள். நின்றாள்.

"இது என்னா?"

"எது?"

"மெஷினு கீழ இருக்கே, இது."

இதைக் கேட்டதும் உத்திராபதிக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. "தெர்மாகோல். அவ ஐஸ்பெட்டி மூடி. செவ்வாக்கெழம நான்தான் மீன் கத்தியால அளவா வெட்டிக் குடுத்தேன். பாரு, ஒரு நூலு எடவெளி இருக்காது. மீனு இந்த மாதிரிப் பெட்டியிலதான் கேரளாவுலேர்ந்து லாரியில இந்த வெயில்ல வருது, ஐஸு கரையாது. அதவிடக் குளுமையான எடம் எது?"

ஜரினா தோள்பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே இருந்த வெள்ளைப் பொடியை மூடியின் வெட்டுவாயில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டும் ஒன்று.

"ஐஸு ஏன் கரையல பெரியவரே?"

"வெளிய இருக்கற சூடு உள்ள போவாது. அதான்."

"உள்ள இருக்கற சூடு?"

உத்திராபதி மெஷினைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். வெட்டுவாயை விரலால் தடவினார்.

ஜரினா லேப்டாப்பை அந்தப் பள்ளத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் வரிசையாகத் துளைகள். "இது வழியாத்தான் மூச்சு விடுது. நீங்க வாய மூக்க எல்லாம் அடைச்சி, கம்பளி போத்தி, வெயில்ல உக்கார வெச்சிட்டு என்னைத் திருடின்னீங்க." மேசை மேலிருந்த தெர்மாகோலைத் தள்ளிவிட்டு, ஓரமாகக் கிடந்த இரண்டு மரத்தக்கைகளை, வலைக்குக் கட்டுகிற மிதவைக்கட்டைகளை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போட்டு அதன்மேல் மெஷினை வைத்தாள். "இப்பப் போடும்மா. இதுமேல வெச்சா சாவாது."

போட்டாள். ஆறரை வரைக்கும் நிற்காமல் ஓடியது. லேசான இரைச்சல், சீராக.

அந்த ஒன்றரை மணி நேரமும் உத்திராபதிக்கு உடம்பு எரிந்தது. யார் மேல் எரிகிறது என்று தெரியாததால் இன்னும் எரிந்தது. கடைசியில் அது போய் மகள்மேல் விழுந்தது.

"ஏண்டி, நாலு நாளா அது கூடவே உக்காந்திருக்கறியே. படிச்சவதான நீ? உனக்குமா தெரியல?"

"தெரியும்," என்றாள் சத்யப்பிரியா.

தனம் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"என்னா தெரியும்?"

"மூடிதான்னு தெரியும். புதங்கெழமயே. நீ காலையில தொறைக்குப் போனதும் எடுத்து வெறுந்தரையில வெச்சிப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் ஓடிச்சி. நீ வந்ததும் எடுத்து மறுபடியும் மூடியில வெச்சி, 'இங்கதான் இருக்கணும், எவ எடுத்தா'ன்ன. அப்படியே விட்டுட்டேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னா?"

"சொன்னா கத்துவ."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கொஞ்சம் கழித்து, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "நாளைக்கு உன்னை எங்கனா அனுப்பிட்டு எடுத்துடலாம்னு இருந்தேன். அங்கயும் அப்படித்தான் இருந்தேன். அவர் வெளிய போனப்பறம் எல்லாத்தையும் சரி பண்ணுவேன்," என்றாள்.

அடுப்பில் மாங்காய் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிரேம்குமாரை உத்திராபதி என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறார். வாய் கிழியக் கத்துற பய. வீட்டுக்குள்ள ஒரு ஜீவன் மூச்சு விட முடியாது. பஞ்சாயத்தில் சொல்வதற்கென்று அந்த வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கியே வைத்திருந்தார்.

ஜரினா திருப்புளியைப் பைக்குள் போட்டாள். தனம் ஆறு கானாங்கத்தையைக் கழுவி, வாழையிலையில் சுற்றி நீட்டினாள். "மனசுல வெச்சிக்காத தாயி. அவரு வாயே அப்படி."

"மீன் வாங்கிக்கறேன். மன்னிப்பு வேணாம்," என்றாள் ஜரினா. வாசலில் நின்று உத்திராபதியைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியவரே, மெஷினு நல்லா ஓடிச்சின்னா திங்கக்கெழம கடைக்கு வாங்க. இன்னைக்குக் காலையில நடுத்தெருவுல என்னா சத்தத்துல கத்துனீங்களோ, அதே சத்தத்துல நல்லா ஓடுதுன்னு கத்திட்டுப் போங்க. கூலி அதுதான்."

*

சனிக்கிழமை பத்து மணிக்குச் சத்யப்பிரியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

உத்திராபதி வேப்பமரத்தடியில் கதவுக்குக் காவலாக உட்கார்ந்தார். குரல் கேட்கக் கூடாது. தெருவில் பந்து விளையாடியவர்களைக் கையை ஆட்டியே விரட்டினார். பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கியோடு வந்தான். வாயைத் திறக்கப் போனவர் எழுந்து ஓடி அவன் வண்டியின் முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவன் பயந்துபோய்த் திரும்பிக்கொண்டான். கன்னியம்மாள் இதைப் பார்த்து, "என்னா மாமா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குப் போன் அதிர்ந்தது. பிரேம்குமார். எடுத்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். கம்ப்யூட்டர் வேலையாம், வேலை. ஒரு வருஷமா பொண்ண உக்கார வெச்சி அவ சம்பாத்தியத்துல துன்னுட்டு..." என்று அவன் ஆரம்பித்தான். உத்திராபதி அடுக்கி வைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் லேசான இரைச்சல், சீராக. போனைக் காதிலிருந்து எடுத்து மணலில் குழி பறித்துப் புதைத்தார். அவன் அதற்குள் கத்திக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. நிழல் நகர நகர அவரும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. தூங்கும்போதுகூடத் திட்டுவார் என்று தனம் சொல்வாள்.

ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது. சத்யப்பிரியாவின் ரவிக்கை முழுக்க வேர்வை. சத்தம் கேட்கும் என்று மின்விசிறியைக்கூடப் போடாமல் இருந்திருக்கிறாள்.

"நிக்கல," என்றாள். "முடிச்சிட்டேன். ரிசல்ட் உடனே காட்டிடுச்சி. தேறிட்டேன்ப்பா. காயிதம் மெயில்ல வந்துடும். பொழுதோட பிரிண்ட் எடுத்துக்கலாம்."

உத்திராபதி தலையை ஆட்டினார். செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடித்தாள். பாதிக் குடித்துவிட்டு நிறுத்தினாள்.

"நாளைக்குப் பஞ்சாயத்துல நீ பேசாத. நான் பேசறேன்."

"பொம்பளைங்க பேசற வழக்கம் இல்லடி அங்க. தணிகாசலம் ஒத்துக்க மாட்டான். ஓரத்துல நின்னு கேக்கலாம், அவ்ளோதான்."

"தெரியும். நீ சொன்னா ஒத்துக்குவாரு. நீ எழுந்து நின்னு ஒரு வார்த்த சொல்லு, எம்பொண்ணு பேசுவான்னு. அத மட்டும் சொல்லிட்டு உக்காந்துடு. கத்தாம சொல்லணும். நீ கத்துனா உன் மருமவனும் கத்துவாரு. அப்பறம் ரெண்டு பேருக்கு நடுவுல நான் எங்க பேசறது?"

அவள் உள்ளே போய்விட்டாள். தனம் இன்னும் மார்க்கெட்டிலிருந்து வரவில்லை. உத்திராபதி தெர்மாகோல் மூடியை எடுத்து வந்து, வெட்டின பள்ளத்தில் பழைய தெர்மாகோல் துண்டுகளைத் திணித்து, மேலே டேப் ஒட்டி அடைத்தார். நாளைக் காலையில் தனம் கொண்டுபோகட்டும். மணலுக்குள் மறுபடியும் போன் அதிர்ந்தது. அதிரட்டும் என்று விட்டார்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. கன்னியம்மாள் கூரையில் காக்கை ஒன்று கருவாட்டைக் குறி வைத்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார்.

"எம்பொண்ணு பேசுவா."

காக்கை எழுந்து பறந்தது. அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலை இறக்கி இன்னொரு தடவை சொன்னார். இன்னும் இறக்க வேண்டும். மூடியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று மணி நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தாரே, அந்த மெஷின் இரைச்சல் அளவுக்கு இறங்குகிற வரைக்கும், சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.